பறக்கும் தவளையை முதலில் பார்த்தவர்

1

பொன்வண்டு வளர்த்தவர்களுக்குத் தெரியும். தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலையைக் கிள்ளிப் போட்டு, வண்டை உள்ளே விட்டு, காதோடு ஒட்டி வைத்துக் கேட்போம். உள்ளே கறுக்மொறுக்கென்று ஒரு சத்தம். முட்டை போட்டுவிட்டதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்போம். இரண்டு மூன்று நாளில் அது செத்துப்போகும். அழுகையெல்லாம் கிடையாது. மறுநாளே அடுத்த வண்டைத் தேடிக் கிளம்பிவிடுவோம். பச்சையும் பொன்னுமாக மின்னும் அந்த றெக்கையை மட்டும் ஜியாமெட்ரி பாக்ஸில் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் உண்டு. நான் அந்த ரகம்.

ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் எழுதிய 'மலாய் தீவுக்கூட்டம்' நூலை வாசிக்கும்போது அந்தத் தீப்பெட்டி ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. முன்னுரையிலேயே மனுஷர் கணக்கு ஒப்பிக்கிறார். எட்டு ஆண்டுகள், சுமார் 14,000 மைல் பயணம், 1,25,660 மாதிரிகள். அதில் பாலூட்டிகள் 310, பறவைகள் 8,050. வண்டுகள் மட்டும் 83,200.

என் தீப்பெட்டியில் செத்த வண்டு பெயரில்லாமல் குப்பைக்குப் போனது. அவருடைய வண்டுகள் பிடிபட்ட இடத்தைச் சொல்லும் துண்டுச்சீட்டோடு லண்டனுக்குப் போயின. அங்கே அவற்றில் பல, உலகம் அதுவரை அறியாத புதிய இனங்கள் என்று அறிவிக்கப்பட்டன. 'உலகம் அறியாத' என்ற இந்த வார்த்தையில்தான் எனக்குச் சிக்கல். யாருடைய உலகம்? வாலஸின் புத்தகம் இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்பதில்லை. ஆனால் அதற்கான பதில்கள் அதன் பக்கங்களெங்கும், அவருக்கே தெரியாமல், சிந்திக் கிடக்கின்றன.

2

வாலஸ் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. டார்வினைப்போல சொந்த வீட்டில் அமர்ந்து இருபது வருடம் யோசிக்கும் கொடுப்பினை அவருக்கு வாய்க்கவில்லை. 1848இல் நண்பர் ஹென்றி வால்டர் பேட்ஸோடு அமேசான் போனார். நான்கு ஆண்டு உழைப்பைப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு 1852இல் திரும்பும் வழியில், நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. பத்து நாள் திறந்த படகில் கிடந்து உயிர் பிழைத்தார். லண்டனில் இருந்த அவருடைய முகவர் சாமுவேல் ஸ்டீவன்ஸ் அந்தச் சரக்கை 200 பவுண்டுக்குக் காப்பீடு செய்து வைத்திருந்தார். அதனால் தெருவுக்கு வரவில்லை.

இவ்வளவு பட்டும், 1854இல் சிங்கப்பூரில் வந்து இறங்குகிறார். தனக்கென எடுத்து வைத்ததுபோக மற்ற மாதிரிகளை ஸ்டீவன்ஸ் விற்றுக் கொடுப்பார். அந்தப் பணத்தில்தான் பயணம் நடந்தது. ஓர் அபூர்வப் பறவை அவருக்கு ஒரே நேரத்தில் அறிவு, அழகு, அடுத்த மாத அரிசி. 1862இல் ஊர் திரும்பி, 1869இல் புத்தகத்தை வெளியிட்டு, டார்வினுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1858இல் அவர் டெர்னாட்டே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கட்டுரையும், அது டார்வினை உலுக்கியதும் ஊரறிந்த கதை.

இன்று இணையத்தில் இந்த நூலைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிகளைப் பார்க்கலாம். ஒரு கட்சிக்கு வாலஸ் ஏமாற்றப்பட்ட நாயகன். டார்வின் புகழைத் தட்டிப் பறித்துக்கொண்டார். இன்னொரு கட்சிக்கு அவர் இன்னொரு காலனியக் கொள்ளைக்காரர். வந்தார், சுட்டார், பெட்டி கட்டினார். இரண்டாவது கட்சி சொல்வதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை நமக்குக் காட்டிக்கொடுத்ததே வாலஸின் புத்தகம்தான் என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். தன் வாதத்துக்கு எதிராக நிற்கும் காட்சிகளையும் அழிக்காமல் எழுதி வைத்தவர் வாலஸ். இந்த நூலை இன்றும் வாசிக்க வைப்பது அந்தக் குணம்.

3

உதாரணத்துக்கு ஒரு தவளையை எடுத்துக்கொள்வோம்.

1855. போர்னியோவின் சரவாக்கில் சிமுன்ஜோன் என்ற இடம். நிலக்கரிச் சுரங்க வேலை தொடங்கியிருக்கிறது. சீனத் தொழிலாளிகளும் டயாக் மக்களும் காட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். வெட்டிச் சாய்த்த மரங்களின் வாசனைக்கு வண்டுகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. வாலஸுக்கு இது பொற்காலம். பூச்சி ஒன்றுக்கு ஒரு சென்ட் என்று விலை வைக்கிறார். வேலையாட்கள் பிடித்துக்கொண்டு வந்து குவிக்கிறார்கள். ஒரே நாளில் 76 வகை வண்டுகள் கிடைத்தன, அவற்றில் 34 தனக்குப் புதியவை என்று பதிவு செய்கிறார். 'தனக்கு' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உலகத்துக்குப் புதியவை என்று அவர் அடித்துவிடவில்லை. காடு அழியும் இடத்தில்தான் காட்டின் புதுமைகள் கைக்கு வருகின்றன என்ற விசித்திரத்தையும் அவர் மறைக்கவில்லை. அதன்மேல் நின்று யோசிக்கவும் இல்லை, அது வேறு விஷயம்.

அங்கே ஒரு சீனத் தொழிலாளி பெரிய மரத்தவளை ஒன்றைக் கொண்டுவருகிறார். உயரமான மரத்திலிருந்து அது சாய்வாக, பறப்பதுபோல இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்கிறார். வாலஸ் அதை ஆராய்கிறார். விரல்களுக்கிடையே நுனிவரைக்கும் ஜவ்வு. உடல் நான்கு அங்குலம். ஆனால் நான்கு கால்களின் ஜவ்வையும் விரித்தால் மொத்தம் பன்னிரண்டு சதுர அங்குலம். முதுகு பளபளக்கும் பச்சை, அடிப்பக்கம் மஞ்சள், ஜவ்வு கறுப்பு, அதில் மஞ்சள் கதிர்கள். நீந்தவும் ஏறவும் அமைந்த விரல்களை இயற்கை காற்றில் மிதக்கவும் பயன்படுத்திக்கொண்டது என்று, டார்வின் கட்சிக்காரர்களுக்கு உவப்பான ஒரு முடிவையும் எழுதுகிறார். படமும் வரைகிறார்.

அழகான பத்தி. ஆனால் அதில் எது யாருடையது என்று பிரித்துப் பாருங்கள். அளவு, நிறம், படம், கோட்பாடு வாலஸுடையவை. 'அது பறந்தது' என்ற செய்தி தொழிலாளியுடையது. வாலஸ் அந்தத் தவளை பறந்து பார்த்ததாக எழுதவேயில்லை. செத்த உடம்பில் ஜவ்வை அளக்கலாம். பறத்தலை அளக்க முடியாது. அதற்கு அந்த மரத்தடியில், அந்த நேரத்தில் ஒருவர் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்தது மட்டுமில்லை, இது வழக்கமான தவளை இல்லை என்று உணர்ந்து, ஓடிப்போய்ப் பிடித்து, வெள்ளைக்காரர் சிரித்துவிடுவாரோ என்று தயங்காமல் சொல்லவும் வேண்டும். விஞ்ஞானத்தில் இதற்குப் பெயர் அவதானிப்பு. அதைச் செய்தவருக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை.

லத்தீன் பெயர் வர இன்னும் நாற்பது வருடம் ஆனது. 1895இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த பூலஞ்சே அதை முறைப்படி விவரித்து, ராக்கோபோரஸ் நைக்ரோபால்மேட்டஸ் என்று பெயரிட்டார். கறுத்த உள்ளங்கை உடையது என்று அர்த்தம். வழக்கில் அதை 'வாலஸின் பறக்கும் தவளை' என்கிறார்கள். ஆக ஒரு தவளைக்கு மூன்று பேர்: பார்த்தவர், எழுதியவர், பெயரிட்டவர். கடைசி இரண்டு பேரும் பெயர்ப்பலகையில் இருக்கிறார்கள்.

இது அந்தக் காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2003இல் எஸ். டி. பிஜுவும் ஃபிராங்கி பொசைட்டும் இடுக்கி மலைகளிலிருந்து ஒரு ஊதாத் தவளையை 'நேச்சர்' இதழில் விவரித்தபோது உலகமே வாய்பிளந்தது. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும் விலங்கு. நெருங்கிய சொந்தக்காரர்கள் செஷல்ஸ் தீவுகளில். அதற்காகப் புதிய குடும்பமே உருவாக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன் தலைப்பிரட்டைகளை ஓடைப்பாறைகளில் சேகரித்துச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் அந்த மலை மக்களிடம் ஏற்கனவே இருந்தது. உலகத்துக்குப் புதிய விலங்கு, ஒரு வீட்டில் மழைக்காலக் குழம்பு.

4

'அப்ப லத்தீன் பெயரே வேண்டாங்கிறியா?' என்று கேட்கலாம். இல்லை. இங்கேதான் இரண்டாவது கட்சியோடு நான் முரண்படுகிறேன்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பெயர்களில் சில எந்தச் செடியைக் குறிக்கின்றன என்று இன்றுவரை கருத்து வேறுபாடு தீரவில்லை. பெயர் இருக்கிறது, பூ கைநழுவிப் போய்விட்டது. அந்தப் பெயர்களைச் சொன்ன வாயும், பூவைச் சுட்டிய விரலும் இல்லாமல் போனபிறகு வெறும் ஒலிதான் மிஞ்சுகிறது.

வகைப்பாட்டியல் இந்த இழப்புக்கு எதிராகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு தந்திரம். ஒரு பெயர், அந்தப் பெயருக்குச் சாட்சியாக ஓர் உடல், இரண்டையும் பிணைக்கும் ஒரு விவரணை. அந்தச் சாட்சி உடலை 'டைப்' மாதிரி என்பார்கள். இருநூறு வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். சும்மா சொல்லக்கூடாது, மனிதர்கள் மறதிக்கு எதிராகக் கட்டிய நல்ல கோட்டைகளில் இதுவும் ஒன்று.

கோட்டைக்குள்ளும் வேடிக்கைகள் உண்டு. பெரிய சொர்க்கப் பறவைக்கு லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர் பாரடைசியா அப்போடா, அதாவது காலில்லாதது. நியூகினிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வணிகமாக வந்த தோல்களில் கால்கள் வெட்டப்பட்டிருந்தன. அதைப் பார்த்து, இந்தப் பறவை தரையில் இறங்குவதே இல்லை, வானத்திலேயே வாழ்கிறது என்று ஒரு கதையே அங்கே உலவியது. பறவைக்குக் கால் உண்டு என்பது ஆரு தீவின் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. அதனால் இன்றும் அது அறிவியலில் காலில்லாப் பறவைதான்.

பெயர் வைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருடைய தவறும் நிரந்தரமாகிவிடுகிறது. இதே நூலின் சிங்கப்பூர்ப் பக்கங்களில் 'கிளிங்' என்ற பெயரில் தென்னிந்தியக் கடைக்காரர்கள் வந்துபோகிறார்கள். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தச் சொல் எப்படிக் குத்தும் என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் வைத்த பெயரைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று பறவையிடம் கேட்க முடியாது, இவர்களிடம் கேட்கலாம்.

5

வாலஸின் உரைநடையில் என்னை மிகவும் தொந்தரவு செய்த இடம் ஒராங்குட்டான் குட்டியின் கதை. அதுவும் சிமுன்ஜோனில்தான்.

ஒரு தாய் ஒராங்குட்டானைச் சுட்டு வீழ்த்துகிறார். பக்கத்துச் சேற்றில் குட்டி குப்புறக் கிடக்கிறது. பல்கூட முளைக்கவில்லை. தூக்கும்போது அவருடைய தாடியைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து, பால் கிடைக்காததால் கஞ்சித் தண்ணீர் புகட்டுகிறார். எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் அதற்காக எருமைத்தோலைச் சுருட்டி ஒரு பொய்த் தாய் செய்து கொடுக்கிறார். குட்டி அதில் பால்காம்பைத் தேடி வாய்நிறைய மயிரைச் சப்பி மூச்சுத்திணறுகிறது. பொய்த் தாயைப் பிரித்து எடுத்துவிடுகிறார். துணைக்கு ஒரு சின்னக் குரங்கை விடுகிறார். குளிப்பாட்டுகிறார், தலைவாருகிறார். வாசிக்கும் நமக்கு யார் தாயைக் கொன்றது என்பதே மறந்துபோகும் அளவுக்கு வாஞ்சை.

மூன்று மாதம் ஆவதற்குள் குட்டி செத்துப்போகிறது. தன் செல்லத்தை இழந்ததில் வருத்தம் என்று எழுதுகிறார். உடனே எடை, உயரம், கைகளின் விரிவு. தோலையும் எலும்புக்கூட்டையும் பாதுகாத்ததாகச் சொல்கிறார். அப்படிச் செய்யும்போதுதான், அன்றைக்கு மரத்திலிருந்து விழுந்தபோதே அதன் ஒரு கையும் ஒரு காலும் முறிந்து, பிறகு தானாகக் கூடியிருந்தது தெரியவந்ததாம்.

அந்தக் கடைசிச் செய்தியில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மூன்று மாதம் மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டியவருக்கு அதன் வலி தெரியவில்லை. தோலை உரித்த கத்திக்குத் தெரிகிறது.

இதை வைத்து வாலஸை இரக்கமற்றவர் என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரக்கமற்றவராக இருந்திருந்தால் அந்த முறிவை எழுதாமலே விட்டிருக்கலாம். தனக்கே எதிரான சாட்சியத்தை அவர் அளவுகளின் வரிசையில், குரல் நடுங்காமல் வைக்கிறார். அவர் அழுது புரண்டு எழுதியிருந்தால் நாம் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். இப்போது அந்த முறிந்த கை நம்மிடம் தங்கிவிடுகிறது.

6

1857, ஆரு தீவுகள். அவருடைய உதவியாளன் படெரூன் ஒருநாள் ராஜா சொர்க்கப் பறவையைச் சுட்டுக்கொண்டு வருகிறான். குங்குமச் சிவப்பு, வாலிலிருந்து நீளும் இரண்டு கம்பிகள், நுனியில் மரகதச் சுருள். வாலஸ் பரவசத்தின் உச்சிக்குப் போகிறார். இத்தனை காலமும் இந்த இருண்ட காட்டில், அறிவுள்ள ஒரு கண்ணும் பார்த்து ரசிக்காமல், இந்தப் பறவைகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து மடிந்திருக்கின்றனவே என்று உருகுகிறார். நாகரிக மனிதன் இங்கே வந்தால் இந்தக் காடுகளின் சமநிலையைக் குலைத்து, தான் மட்டுமே ரசிக்கத் தெரிந்த இந்த உயிர்களையே அழித்துவிடுவான் என்றும் சொல்கிறார். உயிர்கள் எல்லாம் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை இல்லை என்ற முடிவுக்கு வருகிறார். 1869இல் அச்சான புத்தகத்தில் இது! சூழலியல் என்ற பேச்சே பொதுவெளிக்கு வராத காலம். பலரும் இந்தப் பத்தியைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதையொட்டியே இன்னொரு தகவலையும் அவர் எழுதியிருக்கிறார். அவருடைய குதூகலத்தைப் பார்த்து ஆரு மக்கள் சிரித்தார்களாம். அவர்களுக்கு அது 'புரோங் ராஜா', அன்றாடம் பார்க்கும் பறவை. இங்கிலாந்துக்காரனுக்கு ராபின் எப்படியோ அப்படி.

ஒருபக்கம், அறிவுள்ள கண் எதுவும் பார்க்காத பறவை. இன்னொரு பக்கம், தினமும் பார்த்து 'ராஜா' என்று பெயரும் வைத்த ஊர். லின்னேயஸ் சூட்டிய 'ரீஜியா' என்பதற்கும் அரசனுக்குரியது என்றுதான் பொருள். காலில்லாப் பறவை விஷயத்தில் சறுக்கிய லத்தீன் இங்கே ஆரு மக்களின் சொல்லோடு சேர்ந்துகொள்கிறது. அப்படியானால் அந்தக் கண்களில் என்ன அறிவு குறைந்தது? வாலஸின் வாதம் தோற்கும் இடம் இது. அவருடைய காது வாதத்தைவிட நேர்மையானது. அந்தச் சிரிப்பை அது கேட்டது, கை அதை எழுதியும் வைத்தது.

7

அலியின் கதையை இப்போது பலரும் சொல்கிறார்கள். 1855இல் சரவாக்கில் சமையலுக்குச் சேர்ந்த மலாய்ச் சிறுவன். சுடவும் தோலுரித்துப் பாடம் செய்யவும் கற்றுக்கொண்டு, கடைசியில் வாலஸின் வலதுகை ஆனான். 1858இல் பச்சான் தீவில், இடுப்பில் பறவைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த அலி, இங்கே பாருங்கள், என்ன விநோதமான பறவை என்று ஒன்றை நீட்டினான். மார்பில் பச்சைக் கேடயம், ஒவ்வொரு தோளிலிருந்தும் இரண்டு வெள்ளைக் கொடிகள். முற்றிலும் புதிய ஒரு சொர்க்கப் பறவை. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் ராபர்ட் கிரே அதற்கு வாலஸின் பெயரை வைத்தார்: செமியாப்டெரா வாலேஸி.

'அலியின் பெயரை வைத்திருக்க வேண்டும்' என்று பதிவு போட்டு லைக் வாங்குவது எளிது. பெயர்ப்பலகையை மாற்றினால் கணக்கு தீர்ந்துவிடுமா? நன்றிக்கடனாகப் பெயர் வைப்பது நல்ல மரபுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், தமிழ்நாட்டுப் பக்கம் கிடைத்த இரண்டாவது ஊதாத் தவளை இனத்துக்கு 2017இல் 'பூபதி' என்று பெயரிட்டார்கள். 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விபத்துக்குள்ளாகி இறந்த ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் நினைவாக. அந்தப் பெயரைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அவர் ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர். பெயர்ப்பலகைக்குப் போகும் பாதைக்குள் ஏற்கனவே இருந்தவர். அந்தப் பாதையில் கால்வைக்க வழியில்லாதவர்களைப் பற்றித்தான் அலியின் கதை.

அதன் முடிவு, நாம் போடும் பதிவுகளைவிடச் சிக்கலானது. 1907இல் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பர் டெர்னாட்டே தீவில் ஒரு முதியவரைச் சந்தித்தார். அந்த முதியவர் தன்னை 'அலி வாலஸ்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பறவைக்குத் தன் பெயரை வைக்க முடியாதவர், பறவைக்குக் கிடைத்த அதே பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். விசுவாசமா, பெருமையா, உரிமை கோரலா? எந்த ஒரு வார்த்தையில் சொன்னாலும் மற்ற இரண்டும் விட்டுப்போகின்றன. அவரைப் 'பாவம் அலி' என்று சுருக்குவதும் ஒரு தவறான வகைப்படுத்தல்தான்.

8

புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் போகும் காட்சி ஒன்று உண்டு. ஆரு தீவின் வனும்பை கிராமம். மக்கள் வாலஸைச் சூழ்ந்துகொண்டு, உன் நாட்டின் பெயர் என்ன என்று இருபதாவது முறையாகக் கேட்கிறார்கள். இங்கிலாந்து என்கிறார். ஒரு கிழவருக்குக் கோபமே வந்துவிடுகிறது. அந்தப் பெயரை வாயில் போட்டு உருட்டிப் பார்க்கிறார், வரவில்லை. விளையாடாதே, இப்படியும் ஒரு பெயர் இருக்குமா? என் ஊர் வனும்பை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உன் ஊரின் உண்மைப் பெயரைச் சொல்லு. நீ போனபிறகு உன்னைப் பற்றிப் பேசுவதற்காவது எங்களுக்கு ஒரு பெயர் வேண்டாமா என்கிறார்.

பிறகு அதே கிழவர் ரகசியக் குரலில் கேட்கிறார்: இத்தனை பறவையையும் பூச்சியையும் கொண்டுபோகிறாயே, கடலுக்குப் போனதும் இவையெல்லாம் என்ன ஆகும்? பெட்டியில் கட்டி வைத்திருப்பேன் என்கிறார் வாலஸ். கிழவர் நம்பவில்லை. எல்லாம் மறுபடி உயிரோடு வந்துவிடும், அதுதானே என்கிறார். வாலஸ் வேடிக்கை பேசிச் சமாளிக்கப் பார்க்கிறார். கிழவர் அசையவில்லை. உயிரோடு வந்துவிடும், அதுதான் நடக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

வாலஸ் இதை நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறார். முதல் வாசிப்பில் நானும் சிரித்தேன். இரண்டாம் வாசிப்பில் கிழவர் சொன்னதில் ஏதோ இருக்கிறதே என்று பட்டது. செத்த உடலைப் பார்த்து, அதை வார்த்தைகளில் எழுப்பி நிறுத்துவதுதானே ஓர் இன விவரணையின் வேலை? வாலஸும் புத்தகம் முழுக்க அதைத்தான் முயன்றிருக்கிறார். அந்தப் பச்சை, அந்தக் கேடயம், அந்த ஜவ்வின் மஞ்சள் கதிர்கள் எல்லாம் நூற்றைம்பது வருடம் கழித்து என் போன் திரையில் அசைகின்றன. கிழவரின் வாக்கு பாதி பலித்துவிட்டது.

மீதிப் பாதி அந்தச் சீனத் தொழிலாளியிடம் இருக்கிறது. அந்தத் தவளை ஒரே ஒருமுறை, சுரங்கத்துக்காக வெட்டிக்கொண்டிருந்த காட்டில், உயர மரமொன்றிலிருந்து சாய்வாக மிதந்து இறங்கியது. அப்போது அண்ணாந்து பார்த்தவர் அவர். நாம் அவரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பெயரும் இல்லை.